பேலன்ஸ் செய்தும் அடங்காத அதிர்வு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஏ.எச்.யு. (ஏசி காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் பெட்டி) ஃபேன், சமையற்கூட எக்ஸாஸ்ட், கூலிங் டவர் ஃபேன், தொழிற்சாலை புளோவர் போன்றவற்றைக் கழற்றாமல், நிற்கும் இடத்திலேயே பேலன்ஸ் செய்கிற டெக்னீஷியன்களுக்கானது இந்த வழிமுறை. இரண்டு சென்சார் உள்ள கையடக்க பேலன்சர், லேசர் டேக்கோ (சுற்று எண்ணிக்கையை அளப்பது), பிரதிபலிப்பு டேப், 0.1 கிராம் காட்டும் தராசு, காந்தத் தாங்கியோடு டயல் கேஜ், அழியாத மார்க்கர் இவ்வளவும் பையில் இருக்கட்டும்.

"பேலன்ஸ் போயிடுச்சு, வந்து பார்த்துக் கொடுங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் பேலன்ஸ் கெட்டிருக்காது. இறக்கையில் அழுக்கு, இளகிய போல்ட், தேய்ந்த பேரிங் என்று வேறு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எடையை ஒட்டினால் அதிர்வு சில நாள் மறைந்திருந்து, பிறகு பேரிங்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது.

கருவியை எடுக்கும் முன்

ஐசோலேட்டரை அணைத்து, பூட்டு போட்டு, டேக் மாட்டுங்கள். வி.எஸ்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது. பி.எம்.எஸ். (கட்டடக் கருவிகளை இயக்கும் கணினி அமைப்பு) 'ஆட்டோ'வில் இருந்தால் நீங்கள் உள்ளே இருக்கும்போதே ஃபேனைக் கிளப்பிவிடும். போர்டுக்குள் வயரிங்கைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். 3 மீட்டருக்கு மேல் இருந்து விழக்கூடிய இடமென்றால் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறக் கூடாது. மின்சாரம் இல்லாமலே பக்கத்து ஃபேனின் காற்றில் இம்பெல்லர் (இறக்கைகள் உள்ள சுழல் சக்கரம்) மெல்லச் சுற்றும். கையை உள்ளே விடுமுன் கயிற்றால் கட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் இரு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து, அச்சுவாட்டம் (ஷாஃப்டின் நீளவாக்கு) என்று ஆறு அளவுகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மொத்த அதிர்வு, 1எக்ஸ் அதிர்வு (சுழல் வேகத்துக்குச் சமமான அதிர்வெண்ணில் உள்ளது), ஃபேஸ் கோணம் (டேப் குறியிலிருந்து அதிர்வின் உச்சம் எத்தனை பாகை தள்ளி வருகிறது என்பது) மூன்றையும் எழுதுங்கள். மொத்தத்தில் பெரும்பகுதி 1எக்ஸ் ஆக இல்லையென்றால் பேலன்ஸ் செய்து பயனில்லை. கருவி ஆர்.எம்.எஸ். (ஒருவகைச் சராசரி) காட்டுகிறதா, பீக் (உச்சம்) காட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1எக்ஸ் போல ஒரே அதிர்வெண் உள்ள அதிர்வில் பீக் அளவு ஆர்.எம்.எஸ்.ஸைப் போல 1.41 மடங்கு. இரண்டையும் கலந்து எழுதிய அறிக்கையால் நல்ல ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

ஒப்பிட ஒரு எல்லை வேண்டுமே. தொழிற்சாலை ஃபேன்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14694 தரத்தில், பி.வி.-3 வகைக்கு (பெரும்பாலான தொழிற்சாலை ஃபேன்கள் இதில் அடங்கும்) ஆர்.எம்.எஸ். அளவு இப்படி: உறுதியான அடித்தளத்தில் தொடக்கத்தில் வினாடிக்கு 4.5 மி.மீ., எச்சரிக்கை 7.1, நிறுத்த வேண்டிய அளவு 9.0. ஸ்பிரிங் போன்ற நெகிழும் தாங்கியில் முறையே 6.3, 11.8, 12.5.

அறிகுறி: வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது

அழுக்குதான் முதல் சந்தேகம். உணவங்காடி நிலையத்தின் எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் படலம் இறக்கையின் பின்புறம் தடித்துக்கொண்டே போகும். ஓரிடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்த அன்றே அதிர்வு குதிக்கும். சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் தீவுப் பக்கம் உப்புக் காற்று துருவை ஏற்றும். ஏ.எச்.யு.வில் ஃபில்டர் கிழிந்திருந்தால் தூசியும் ஈரமும் சேர்ந்து இறக்கையின் உள்வளைவில் கட்டியாகும்.

எல்லா இறக்கைகளையும் இருபுறமும் கழுவுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். காய்ந்த பிறகு ஓட்டிப் பாருங்கள். பல வேலைகள் இங்கேயே முடிந்துவிடும். கழுவாத இம்பெல்லரில் எடை ஒட்டாதீர்கள். அடுத்த சர்வீஸில் யாராவது அதைக் கழுவியதும் உங்கள் எடையே அதிர்வுக்குக் காரணமாகிவிடும்.

கழுவியும் குறையவில்லையா? பேரிங்கைச் சோதியுங்கள். ஷாஃப்டை ஒரு கட்டையால் நெம்பித் தூக்கி டயல் கேஜில் ஆட்டத்தைப் பாருங்கள். கிரீஸ் கருத்து உலோகத் துகள் மின்னினால் பேரிங்கை மாற்றிய பிறகுதான் பேலன்ஸ்.

அறிகுறி: ஒரே நாளில் திடீரென ஏறியது

மெஷினை நிறுத்துங்கள். பழைய பேலன்ஸ் எடை பறந்துபோயிருக்கலாம், இறக்கையில் விரிசல் விழுந்திருக்கலாம், ஹப் ஸ்க்ரூ இளகியிருக்கலாம். பழைய வெல்டின் தழும்பு இருந்து எடையைக் காணோம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இறக்கையின் வேர்ப்பகுதியையும் ஹப்பின் சாவிப் பள்ளத்தையும் (ஹப்பை ஷாஃப்டோடு பூட்டும் உலோகத் துண்டான சாவி அமரும் இடம்) டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலிலிருந்து துரு ஒரு கோடாக வழிந்திருக்கும்.

விரிசல் தெரிந்தால் வேலை அங்கேயே நிற்கட்டும். "இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு இணங்காதீர்கள். தயாரிப்பாளரோ தகுதி பெற்ற பட்டறையோதான் அதைத் தொட வேண்டும்.

அறிகுறி: அதிர்வு அதிகம், ஆனால் எண்களும் ஃபேஸும் அசையாமல் நிற்கின்றன

உண்மையான சமநிலைக் கோளாறு இப்படித்தான் இருக்கும். ஒரே பேரிங்கில் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஃபேஸ் வித்தியாசம் 90°க்கு அருகில் (30° கூடக் குறைய) இருந்தால் உறுதி. 0° அல்லது 180° என்றால் இளகல், அதிர்விணைவு (சுழல் வேகம் சட்டத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போவது), மையம் விலகிய புல்லி ஆகியவற்றில் ஒன்று. அந்தந்தத் தலைப்புக்குப் போங்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். நேரடியாக மோட்டாரோடு இணைந்த, ஸ்பிரிங்கில் நிற்கும் ஃபேன். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1480 சுற்று. சுழலும் பாகம் 200 கிலோ, எடை வைக்கும் ஆரம் 400 மி.மீ., 8 இறக்கைகள்.

இலக்கு: ஃபேனுக்குப் பொருந்தும் ஜி 6.3 தரம் (எவ்வளவு சமநிலைக் கோளாறு மீதமிருக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. 21940-11 வகுத்த அளவு). அனுமதிக்கப்பட்ட மீதம் = 9549 × 6.3 × 200 ÷ 1480 = சுமார் 8130 கிராம்-மி.மீ. அதாவது 400 மி.மீ. ஆரத்தில் சுமார் 20 கிராம்.

சோதனை எடை: அதன் மையவிலக்கு விசை சுழலும் பாகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தொடங்குங்கள். இங்கே அதுவும் 20 கிராம்தான் வருகிறது. 20 கிராம்தானே என்று டேப்பால் ஒட்டிவிடாதீர்கள். இந்த வேகத்தில் அது சுமார் 20 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். போல்ட் அல்லது திருகு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஓடும்போது இம்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

அளவுகள்: எடை இல்லாமல் 9.0 மி.மீ./வினாடி, ஃபேஸ் 60°. முதல் இறக்கையில் (0°) 20 கிராம் வைத்ததும் 7.0, 110°. இரண்டாவதிலிருந்து முதலாவதை வெக்டராகக் கழித்தால், அந்த 20 கிராம் தனியாக உண்டாக்கிய விளைவு 7.0, 190°. ரத்து செய்ய நமக்கு வேண்டியது 9.0, 240°. ஆகவே திருத்த எடை 20 × 9.0 ÷ 7.0 = 25.7 கிராம். இடம், சோதனை எடை இருந்த இடத்திலிருந்து 50° தள்ளி.

எந்தப் பக்கம் 50°? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கருவி ஃபேஸைப் பின்தங்கலாகக் காட்டினால், சுழலும் திசைக்கு எதிராக எண்ண வேண்டும். கையேட்டில் ஒருமுறை பார்த்து, கருவியின் பின்புறமே ஒரு அம்புக்குறி எழுதி ஒட்டிவிடுங்கள். இறக்கைகளுக்கு எண் போடுவதும் அதே திசையில் இருக்கட்டும்.

50°இல் இறக்கை இல்லை. 45°இலும் 90°இலும்தான் இருக்கிறது. எடையைப் பிரித்துக்கொள்ளலாம்: 45° இறக்கையில் 23.4 கிராம், 90° இறக்கையில் 3.2 கிராம். சோதனை எடையைக் கழற்றிவிட்டு இவற்றைப் பொருத்தி ஓட்டுங்கள். மீதம் இருந்தால் அதே செல்வாக்குக் கெழுவை (ஒரு கிராம் எவ்வளவு அதிர்வை, எந்தக் கோணத்தில் உண்டாக்குகிறது என்பது) வைத்து இன்னொரு சிறு திருத்தம் செய்யுங்கள். புதிய சோதனை ஓட்டம் வேண்டாம்.

நிரந்தரமாக வெல்ட் செய்யும்போது எர்த் கிளாம்பை இம்பெல்லரிலேயே மாட்டுங்கள். சட்டத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே போய் உருளைகளைப் பொத்தல் போட்டுவிடும். பேலன்ஸ் அழகாக முடிந்து, கொஞ்ச நாளில் பேரிங் சத்தம் போடத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெல்ட் உலோகமும் எடைதான், தகட்டை அதற்கேற்பக் குறைத்து வெட்டுங்கள். வெப்ப வேலை அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

அறிகுறி: ஃபேஸ் கோணம் ஒரு இடத்தில் நிற்கவில்லை

சில பாகை ஆடுவது இயல்பு. 20°க்கு மேல் அலைந்தால் சோதனை எடையைத் தொடாதீர்கள். அலையும் கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

முதலில் டேக்கோ. டேப் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருக்கிறதா? மொட்டை மாடியில் வெயில் நேரே அடிக்கிறதா? பளபளக்கும் ஷாஃப்டே ஒளியைத் திருப்பி அனுப்புகிறதா? டேப்பின் இருபுறமும் கருப்பு மார்க்கர் பூசி, லேசரைச் சற்றே சாய்த்து வையுங்கள். சுற்று எண்ணிக்கை அசையாமல் நின்றால் டேக்கோ சரி. அடுத்தது சென்சார். தடித்த பெயின்ட் மேல் காந்தம் வைத்தால் தள்ளாடும். சுரண்டிவிட்டுச் சமதளத்தில் வையுங்கள். கையால் பிடித்து ஃபேஸ் எடுக்கவே கூடாது.

பெல்ட் ஃபேனா? டேக்கோ ஃபேன் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும், மோட்டாரை அல்ல. 1450 சுற்று மோட்டாரில் 160 மி.மீ. புல்லி, ஃபேனில் 240 மி.மீ. புல்லி என்றால் ஃபேன் சுற்றுவது சுமார் 967தான். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பெல்ட் மாட்டி ஓட்டும்போது மட்டும், அது இழுக்கும் திசையில் அதிர்வு கூடுதலாக இருந்தால் புல்லி மையம் விலகியிருக்கிறது. புல்லியை மாற்றுவது மலிவு, எடை ஒட்டுவது வீண்.

எண்கள் சீராக ஏறி இறங்கினால் பக்கத்து மெஷினோடு உண்டாகும் பீட் (இரு நெருங்கிய வேகங்களின் அதிர்வு கூடியும் குறைந்தும் கலப்பது). ஒன்று 1478, இன்னொன்று 1482 சுற்று என்றால் 15 வினாடிக்கு ஒருமுறை அலை எழும். பக்கத்து ஃபேனைச் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். முடியாத இடத்தில் சராசரி எடுக்கும் நேரத்தைப் பல பீட்கள் அடங்கும்படி நீட்டுங்கள்.

பி.எம்.எஸ். காற்றழுத்தத்தைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் ஃபேஸ் ஓடும். வி.எஸ்.டி.யைக் கைமுறைக்கு மாற்றி, எல்லா ஓட்டத்துக்கும் ஒரே ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

இவ்வளவும் சரியென்றால் இளகலைத் தேடுங்கள். ஓடும் மெஷினில் சட்டம், பேரிங் பீடம், அடித்தளம் என்று மேலிருந்து கீழே சென்சாரை நகர்த்துங்கள். ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவே அளவு சட்டென்று மாறினால் அந்த இடத்து போல்ட்தான். நிறுத்திய பின் கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி டயல் கேஜில் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் கால் எழும்பினால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

அறிகுறி: சோதனை எடை வைத்தும் ஒன்றும் மாறவில்லை

அளவு 30 சதவீதமோ ஃபேஸ் 30° அளவோ மாறினால்தான் கணக்கு நம்பத்தக்கது. மாறவில்லையென்றால் எடையை இரட்டிப்பாக்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நீங்கள் அளப்பது அந்த ரோட்டரின் அதிர்வே அல்ல. மோட்டாரில் இருந்தோ, பக்கத்துப் பம்பிலிருந்தோ வருவதாக இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த நொடியே அதிர்வு மறைந்தால் மோட்டாரின் மின்கோளாறு. 100 ஹெர்ட்ஸில் கூர்முனை தெரியும். மோட்டார் பட்டறைக்கு அனுப்புங்கள்.

கூலிங் டவரில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரிய ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் அது 5 ஹெர்ட்ஸ்தான். பல கருவிகளின் வழக்கமான அமைப்பு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிடும். கூண்டே ஆடும்போது திரையில் 1 மி.மீ. என்று காட்டும். கீழ் எல்லையை 2 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அங்கே ஏறுமுன் நீர்த்தெளிப்பை நிறுத்தி, முகக்கவசம் போடுங்கள். அந்த நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும்.

அறிகுறி: திருத்த எடை வைத்ததும் அதிர்வு கூடிவிட்டது

பதற வேண்டாம், எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். மேலே சொன்ன கணக்கில் 50°யைத் தவறான பக்கம் எண்ணியிருந்தால், 9.0 இறங்காமல் சுமார் 13.8க்கு ஏறும். அப்படியென்றால் மறுபக்கம் மாற்றுங்கள்.

அடுத்த சந்தேகம்: சோதனை எடையைக் கழற்றினீர்களா? "கழற்றப்பட்டதா, விடப்பட்டதா" என்று கருவி கேட்கும் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தீர்கள்? பிறகு ஆரம். 400 மி.மீ.க்குக் கணக்கிட்ட 25.7 கிராமை 350இல் வைத்தால் போதாது, 29.4 கிராம் வேண்டும். டேப் இடம் மாறினாலோ, சென்சாரை எடுத்து வேறு கோணத்தில் வைத்தாலோ பழைய கணக்கு முழுவதும் செல்லாது. முதல் ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: ஒரு முனை அடங்கியது, மறுமுனை எகிறியது

இது இணைச் சமநிலைக் கோளாறு (இரு முனைகளிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் எடை கூடியிருப்பது). அகலம் விட்டத்தில் பாதிக்கும் மேல் உள்ள இரட்டை வாய் புளோவர்களில் வழக்கம். ஒரு தளத்தில் எவ்வளவு மாற்றினாலும் அடங்காது. இரு பேரிங்கிலும் சென்சார் வைத்து இரண்டு தள முறைக்கு மாறுங்கள்: எடையின்றி ஒரு ஓட்டம், இடப்பக்கம் சோதனை எடையோடு ஒன்று, அதைக் கழற்றி வலப்பக்கம் வைத்து ஒன்று.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறுகிறது

வி.எஸ்.டி. வந்த பிறகு இது அடிக்கடி காணும் அறிகுறி. வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே அளவையும் ஃபேஸையும் எழுதுங்கள். ஒரு வேகத்தில் அளவு உச்சத்துக்குப் போய், அதைக் கடக்கும்போது ஃபேஸ் 180° அளவு புரண்டால் அது அதிர்விணைவு. அந்த வேகத்தில் நின்று பேலன்ஸ் செய்யாதீர்கள், ஒரு சுற்று கூடக் குறைந்தாலும் கோணம் ஓடும். 10 சதவீதமாவது விலகிச் செய்யுங்கள். செலவில்லாத தீர்வு, அந்த ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும்படி வி.எஸ்.டி.யில் அமைப்பது. அதற்கு மேல் சட்டத்தை வலுப்படுத்த வேண்டுமென்றால் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

அறிகுறி: அச்சுவாட்டத்தில்தான் அதிகம்

இம்பெல்லர் பேரிங்குக்கு வெளியே தொங்கும் ஃபேனில் அச்சுவாட்ட 1எக்ஸ் ஓரளவு இயல்பு. இரு பேரிங்கிலும் அச்சுவாட்ட ஃபேஸ் ஒத்திருந்தால் பேலன்ஸ் செய்யலாம். கப்ளிங்கின் இருபுறமும் 180° வித்தியாசம் என்றால் அலைன்மென்ட் பாருங்கள். ஷாஃப்ட் வளைந்திருந்தால் மெல்லச் சுற்றி டயல் கேஜ் வைத்தாலே தெரியும்.

அறிகுறி: சரிசெய்தது, மறுநாள் திரும்பிவிட்டது

ஒவ்வொரு தொடக்கத்திலும் அளவு வேறு வேறாக இருந்தால் உள்ளே ஏதோ நகர்கிறது. உள்ளீடற்ற இறக்கைக்குள் வெல்ட் விரிசல் வழியே நீரோ தூசியோ புகுந்திருக்கும். மெல்லச் சுற்றிக் காதை வைத்தால் சலசலக்கும். ஃபைபர் இறக்கையில் வடிதுளை அடைத்திருக்கலாம். ஹப் ஷாஃப்டில் நழுவுகிறதா என்று இரண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்து அடுத்த நாள் பாருங்கள். கூலிங் டவர் ஃபேனில் இறக்கைகளின் சாய்வுக் கோணத்தையும் சாய்வுமானியால் ஒப்பிடுங்கள். எடை சமமாக இருந்தும் ஒரு இறக்கை மட்டும் கூடுதல் காற்றைத் தள்ளினால் அதுவும் 1எக்ஸ் ஆகவே தெரியும், அதை எடையால் திருத்த முடியாது.

சூடான காற்றை இழுக்கும் ஃபேனில் குளிர்ந்த நிலை அளவும் சூடான நிலை அளவும் வேறு. வெப்பம் நிலைத்த பிறகு எடுத்ததையே கணக்கில் கொள்ளுங்கள்.

அறிகுறி: பட்டறையில் பேலன்ஸ் ஆகி வந்தது, இங்கே ஆடுகிறது

சாவியைப் பாருங்கள். ஷாஃப்டையும் இம்பெல்லரையும் தனித்தனியே பேலன்ஸ் செய்யும்போது இரண்டிலும் அரைச் சாவி முறை (பள்ளத்தில் பாதிச் சாவியின் எடையை வைத்துப் பேலன்ஸ் செய்வது) பின்பற்றியிருக்க வேண்டும். ஒன்றில் முழுச் சாவி, இன்னொன்றில் வெறும் பள்ளம் என்றால் சேர்த்ததும் கோளாறு வரும். பள்ளத்தைவிட நீளமான சாவி வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் அதே கதை. அடுத்து, கப்ளிங்கையோ புல்லியையோ 180° திருப்பி மாட்டி ஓட்டுங்கள். ஃபேஸ் கூடவே திரும்பினால் கோளாறு அந்த பாகத்தில்தான்.

எப்போது நிபுணரைக் கூப்பிடுவது

நிறுத்த வேண்டிய எல்லையை அளவு தாண்டினால், விரிசல் தெரிந்தால், இரண்டு திருத்தத்துக்குப் பிறகும் பாதிகூடக் குறையாவிட்டால் அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டாம். சில்லர் கம்ப்ரஸர், டர்போசார்ஜர், முதல் கிரிட்டிகல் வேகத்துக்கு (ரோட்டரே அதிர்விணைவுக்கு வரும் வேகம்) மேல் ஓடும் ரோட்டர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். எரிவாயு சூழும் அபாய மண்டலத்தில் வெடிப்புக் காப்புச் சான்று இல்லாத கருவியை எடுத்துச் செல்லவே கூடாது.

நிபுணர் வருமுன் அவருக்கு அனுப்ப வேண்டியவை: ஆறு அளவுகளும் ஃபேஸும், சுற்று எண்ணிக்கை, சுழலும் பாகத்தின் எடை, எடை வைத்த ஆரம், எந்த இறக்கையில் எத்தனை கிராம், பழைய எடைகள் எங்கே இருக்கின்றன என்பதன் படம். டேப் ஒட்டிய இடத்தில் ஷாஃப்டில் சென்டர் பஞ்சால் ஒரு குறியும் போட்டு வையுங்கள். டேப் உரிந்து போனாலும் அதே இடத்திலிருந்து கோணத்தை எண்ணலாம்.